ஆளுக்குப் பத்து முறையாவது பந்து

2023 ஜூனில் பள்ளி திறந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை. பெரம்பூரில் எங்கள் தெருவை ஒட்டியுள்ள மாநகராட்சித் திடலில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே 16 பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் 6 வயதிலிருந்து 10 வயதுக்குள். யார் கையில், யார் மட்டையில் பந்து எத்தனை முறை படுகிறது என்று பார்க்க நினைத்தேன். 40 நிமிடத்தில் மூன்று பையன்களுக்கு மட்டும் 30 கோட்டுக்கு மேல் வந்துவிட்டது. ஐந்து பேருக்கு ஒரு கோடுகூட இல்லை. அந்த ஐந்து பேரில் என் மகளும் ஒருத்தி. எல்லைக்கோட்டுப் பக்கம் குந்தி உட்கார்ந்து மண்ணில் வீடு வரைந்துகொண்டிருந்தாள். திரும்பி வரும்போது "நல்லா விளையாடினியா?" என்று கேட்டேன். "நான் உப்புக்குச் சப்பாணிம்மா" என்றாள்.

எனக்கு வீட்டிலேயே தையல் வேலை. மாலை நாலரைக்கு மிஷினை மூடிவிட்டு ஒன்றரை மணி நேரம் திடலுக்கு வர முடியும். பக்கத்து வீட்டுத் தாத்தா ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்தக் காலத்தில் பூப்பந்து ஆடியவர். திடலுக்கு வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்குப் பத்து முறையாவது பந்து கிடைக்க வேண்டும் என்று நான் சொன்னதைக் கேட்டதும் வாங்க, பார்க்கலாம் என்று கூட வந்துவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை நாங்கள் செய்தது, செய்து தவறியது, திருத்தியது எல்லாம் இதில் இருக்கிறது. உங்கள் தெருவிலும் யாராவது தொடங்க நினைத்தால் உதவும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் இடம். திடல் முழுக்க மாலையில் அண்ணன்மார்களின் கையில் இருக்கும். கல்லூரிப் பையன்கள், வேலைக்குப் போகிற பையன்கள். பெட் மேட்ச் வேறு நடக்கும். முதல் நாள் கேட்டபோது, "அக்கா, எங்களுக்கு மேட்ச் இருக்கு. பசங்கள ஓரமா ஆடச் சொல்லுங்க" என்றார்கள். ஓரம் என்பது குப்பைத்தொட்டி இருக்கிற பக்கம். நான் வாக்குவாதம் செய்யவில்லை. மறுநாள் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போய், முழுத் திடலையும் கேட்காமல், காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய 20 மீட்டருக்கு 30 மீட்டர் துண்டை மட்டும் கேட்டோம். செவ்வாய், வியாழன், சனி, மாலை 4.45 முதல் 6 மணி வரை. அதற்கு ஒப்புக்கொண்டார்கள். இரண்டு வாரம் போனதும் அவர்களிலேயே இருவர் எங்களுக்கு அம்பயராக வந்து நின்றார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த அண்ணன்கள் விசில் ஊதினால் வருகிற மரியாதை, நான் ஊதினால் வராது. ஆகவே பெரியவர்களைத் திடலிலிருந்து விரட்ட வேண்டியதில்லை. அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தால் போதும்.

அடுத்து அணி பிரிப்பது. நான் தவறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தொடக்கத்தில் இரண்டு கேப்டன்களை நிறுத்தி, மாற்றி மாற்றி ஆள் கேட்கச் சொன்னேன். எல்லாத் தெருவிலும் அப்படித்தானே நடக்கிறது. கடைசியில் மிஞ்சியவன் 7 வயதுப் பையன். அவனை யார் எடுப்பது என்று இரண்டு கேப்டன்களும் சண்டை போட்டார்கள். "நீ வெச்சுக்கோ", "வேணாம், நீயே வெச்சுக்கோ." அவன் எதுவும் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த மூன்று நாள் வரவில்லை. நான் அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

தாத்தாதான் வழி சொன்னார். "ஏம்மா, உத்தி பிரிக்கத் தெரியாதா இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு?" எனக்கே மறந்துபோயிருந்தது. சின்ன வயதில் செய்ததுதான். ஏறக்குறைய ஒரே அளவு ஆடுகிற இருவர் ஜோடி சேர்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு தள்ளிப் போவார்கள். ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வார்கள். ஒருவர் சூரியன், ஒருவர் நிலா. திரும்பி வந்து "சூரியன் வேணுமா, நிலா வேணுமா?" என்று கேட்பார்கள். கேப்டன் பெயரைத்தான் கேட்கிறான், ஆளைக் கேட்பதில்லை. அந்தப் பெயருக்குரியவர் அந்தப் பக்கம் போக, மற்றவர் எதிர்ப்பக்கம். அடுத்த ஜோடிக்கு அடுத்த கேப்டன்.

இதில் மூன்று நன்மை ஒரே சமயத்தில் கிடைக்கிறது. சம பலம் உள்ளவர்கள் எதிரெதிரே போவதால் அணிகள் தானாகச் சமமாகின்றன. யாரும் கடைசி ஆளாக நிற்பதில்லை. பெயர் வைப்பதே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகிவிடுகிறது. எங்கள் திடலில் இப்போது வருகிற பெயர்களைக் கேட்க வேண்டும்: பரோட்டா, சால்னா, மெட்ரோ, மின்சார ரயில், ஒருநாள் புயல், லீவு. ஜோடி சேரும்போது மட்டும் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். நன்றாக ஆடுகிற இருவர் பிரியாமல் இருக்க வேண்டும் என்று, வேண்டுமென்றே சின்னவர்களோடு ஜோடி சேர்ந்து வருவார்கள். ஒற்றைப்படையில் ஆள் வந்தால் மிஞ்சியவர் ஜோக்கர், இரண்டு பக்கமும் ஆடலாம். ஜோக்கராகச் சின்னப் பிள்ளையை ஒருபோதும் வைக்க மாட்டோம். அன்று இருப்பதிலேயே நன்றாக ஆடுகிறவர்தான் ஜோக்கர். அந்த ஒரு மாற்றத்தில், ஜோக்கர் ஆவது பெருமையாகிவிட்டது.

அந்த 7 வயதுப் பையன் நான்காம் நாள் வந்தான். அன்று அவன் பெயர் நிலா. முதலில் கேட்கப்பட்டது நிலாதான்.

கால்பந்து. எங்களிடம் முதலில் இருந்தது அண்ணன்கள் கொடுத்த பழைய 5-ஆம் எண் பந்து. பெரியவர்கள் ஆடுவது அதில்தான், எடை 410 முதல் 450 கிராம் வரை இருக்கும். 6 வயதுக் குழந்தை அதை உதைத்தால் கால்விரல் வலிக்கும். அதனால்தான் சின்னவர்கள் பந்து வந்தால் விலகினார்கள். பயந்தாங்கொள்ளி என்று மற்றவர்கள் கேலி செய்ததை நிறுத்த, பெரியமேடு சைடன்ஹாம்ஸ் ரோட்டுக் கடையில் 3-ஆம் எண் ரப்பர் பந்து இரண்டு வாங்கினேன். ஒன்று 380 ரூபாய். வித்தியாசம் அன்றே தெரிந்தது.

ஆனால் ஒரே ஆட்டமாக, எட்டுக்கு எட்டு என்று ஆடினால் பந்தைச் சுற்றி ஈ மொய்ப்பது போல ஒரு கூட்டம் ஓடும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் 30 மீட்டர் துண்டை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தோம். ஒவ்வொன்றிலும் மூன்றுக்கு மூன்று அல்லது நான்குக்கு நான்கு. கோல்கீப்பர் கிடையாது. 6 நிமிடம் ஆனதும் விசில், அணிகள் இடம் மாறும். மூன்று கோல் பின்தங்கினால் அந்த அணிக்கு ஓர் ஆள் கூடுதல். ஜெர்மனியின் கால்பந்து சங்கம் 2024–25 பருவத்திலிருந்து சிறு குழந்தைகளுக்கு இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று சிறு ஆட்டங்களையே கட்டாயமாக்கி, புள்ளிப் பட்டியலையும் நீக்கியிருக்கிறது என்று பிறகு படித்தேன். எங்களுக்கு அது தெரியாது. பில் புத்தகத்துக் கோடுகளைப் பார்த்துத்தான் நாங்கள் அங்கே வந்து சேர்ந்தோம். சின்ன ஆட்டம் தொடங்கிய பிறகு மறுபடி எண்ணினேன். 40 நிமிடத்தில் மிகக் குறைவாகப் பந்து தொட்ட பிள்ளைக்கு 14 கோடு.

இரண்டு ஆட்டத்துக்கு நான்கு கோல் வேண்டுமே. செங்கல் வைத்தால் தடுக்கி விழுகிறார்கள். பை வைத்தால், "உள்ளே போச்சு", "மேலே போச்சு" என்று சண்டை. சரி, பி.வி.சி. குழாயில் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

ஓர் அங்குலக் குழாய், 20 அடி நீளம் ஒன்று வாங்கினால் ஒரு கோல் அப்படியே வந்துவிடும், வீணே இல்லை. மேல் குறுக்குக் கம்பத்துக்கு 5 அடி, இரண்டு தூணுக்கு 3 அடி வீதம் 6, தரையில் பின்னோக்கிப் போகிற இரண்டு துண்டுக்கு 2 அடி வீதம் 4, பின்பக்கத் தரைக் குழாய்க்கு 5. மூலைகளுக்கு ஆறு எல்போ. முதலில் இரண்டு கோலுக்குக் குழாய், எல்போ, பசை எல்லாம் சேர்த்து 1,050 ரூபாய் ஆனது. மற்ற ஆட்டத்துக்கு அப்போதைக்குச் செங்கல்தான்.

எல்லா இணைப்பையும் ஒட்டிவிட்டால் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று, எதையுமே ஒட்டாமல் செருகினேன். வலை கட்டியதும் வலையின் இழுப்பில் தூண்கள் பின்னால் சாய்ந்துவிட்டன. தூணின் கீழ் எல்போ அப்படியே சுழல்கிறது. மறுநாள் தரையில் இருக்கிற நான்கு எல்போக்களையும் பசை போட்டு ஒட்டி, தூண் நிற்கிற எல்போ ஒவ்வொன்றிலும் ஒரு திருகாணியும் முடுக்கினேன். மேல் இரண்டு இணைப்பை மட்டும் செருகியபடி விட்டேன், கழற்றி எடுத்துவைக்க வசதி. இரண்டாம் வாரம் ஒரு பையன் மேல்கம்பத்தில் தொங்கினான், கோல் அவன் மேல் சாய்ந்தது. இலேசான குழாய் என்பதால் அடி இல்லை. ஆனால் எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. இரும்புக் கோல் கம்பம் நிலத்தில் ஊன்றாமல் நின்றால் பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து, அதை யாரும் அலட்சியமாக நினைக்கக் கூடாது. தரைக் குழாய்க்குள் காய்ந்த மணலை நிரப்பினேன். ஒரு கோலுக்கு இரண்டரைக் கிலோ அளவில் பிடித்தது. மணல் தூணுக்குள் நழுவாமல் இருக்க இரண்டு முனையிலும் தையல் மிச்சத் துணியை இறுக்கமாகத் திணித்தேன். அதோடு, பின்குழாயை வளைந்த ஆணி வைத்துத் தரையில் அறைகிறோம். யாராவது தொங்கினால் அந்த அணிக்கு ஒரு கோல் குறையும் என்று விதியும் போட்டோம்.

வலைக்குக் காசிமேடு போனேன். மீன்பிடித் துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் அண்ணனிடம் கேட்டதும், கழித்துப் போட்ட நைலான் வலையில் நல்ல பகுதியாக வெட்டிக் கொடுத்து 200 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். சோப்புத்தூளில் இரண்டு இரவு ஊறவைத்து, மொட்டைமாடியில் மூன்று நாள் காயப்போட்டால் வாடை போய்விடும். சின்னக் கண் வலையாகப் பார்த்து எடுங்கள். பெரிய கண்ணில் பிள்ளைகளின் கால் மாட்டும்.

கோடு போட முதல் நாள் சுண்ணாம்புத் தூள் தூவினோம். அது தவறு. காற்றில் பறந்து ஒரு பிள்ளையின் கண்ணில் பட்டுவிட்டது. கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரிடமும் காட்டினோம், கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். இப்போது கோலமாவுதான், அதுவும் பிள்ளைகள் வருவதற்கு அரைமணி முன்பே. கோடு போடுவதில் என் மகளுக்கும் அவள் தோழிக்கும் அத்தனை ஆர்வம். மார்கழியில் வாசலில் பழகிய கை, நூல் பிடித்தது போல நேராக வருகிறது.

கிரிக்கெட்டை விட முடியாது, பிள்ளைகள் விடவும் மாட்டார்கள். அதில் சிக்கல் காஜி, அதாவது மட்டை பிடிக்கும் முறைதான். முதல் பந்தில் அவுட் ஆன குழந்தை, அடுத்த காஜிக்கு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். அதனால் ஜோடி காஜி என்று வைத்தோம். அணிக்கு ஆறு பேர், மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு ஓவர், அவுட் ஆனாலும் ஆட்டம் தொடரும், ஆனால் ஒவ்வோர் அவுட்டுக்கும் மூன்று ரன் கழியும். அவுட் ஆனதும் இருவரும் முனை மாறிக்கொள்ள வேண்டும். மொத்தம் ஆறு ஓவர், எதிரணியில் ஆறு பேர், ஆகவே ஆளுக்கு ஒரு ஓவர் கட்டாயம் போட்டே ஆக வேண்டும். வைடு போனால் இரண்டு ரன், மறுபடி போட வேண்டாம். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் சின்னப் பிள்ளையின் ஓவர் 15 பந்து போகும், எல்லோரும் அவனைத் திட்டுவார்கள். ஒன் பிட்ச் கேட்ச், அதாவது ஒருமுறை தரையில் பட்டு எழும்பிய பந்தைப் பிடித்தாலும் அவுட் என்பது, எல்லோருக்கும் உண்டு. மட்டைக்குத் தென்னை மட்டையை வெட்டி, பத்து நாள் நிழலில் காயவைத்து, கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினோம். கடை மட்டையைவிட எடை குறைவு, சின்னக் கைக்குச் சரியாக நிற்கிறது.

பெண்பிள்ளைகள் முதல் மாதத்தில் மூன்றே பேர். ஏன் என்று வீடு வீடாகக் கேட்டேன். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. திடலில் பெரிய பையன்கள் இருக்கிறார்கள். கழிப்பறை இல்லை. மூன்றும் நியாயமான காரணம். தம்பி, தங்கையைத் தூக்கிக்கொண்டே வரலாம், மரத்தடியில் பாய் விரித்து ஓர் அம்மா பார்த்துக்கொள்வார் என்று முறை வைத்தோம். திடலுக்கு எதிர்வீட்டு அக்கா தன் வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிட்டார். இந்த உதவியைப் பணத்தால் அளக்க முடியாது. அப்புறம் எறிபந்து தொடங்கினோம். எறிபந்தை நம் ஊருக்குக் கொண்டுவந்தது ஒய்.எம்.சி.ஏ.தான் என்று தாத்தா பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்வார். பெரியவர்களுக்கு வலை 2.2 மீட்டர் உயரம். நாங்கள் இரண்டு மரங்களுக்கு நடுவே ஐந்தடி உயரத்தில் கயிறு கட்டி, துணி ரிப்பன்களைத் தொங்கவிட்டோம். இப்போது வருகிற 26 பிள்ளைகளில் 11 பேர் பெண்பிள்ளைகள்.

அணி தெரிய, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கட்பீஸ் எடுத்து, மஞ்சளும் நீலமுமாக 12 கையில்லா மேல்சட்டை தைத்தேன். துணி 260 ரூபாய். தலை வழியே மாட்டிக்கொண்டு இடுப்பில் நாடா கட்டுவது மாதிரி தைத்தால் எந்த வயதுக்கும் பொருந்தும். ஒருவர் தன் படம் போட்ட பனியன் எல்லோருக்கும் இலவசமாகத் தருவதாகச் சொன்னார். நன்றி சொல்லி வேண்டாம் என்றுவிட்டோம்.

முதல் மூன்று மாதச் செலவு மொத்தம் 2,910 ரூபாய். பந்து 760, கோல் 1,050, வலை 200, துணி 260, டென்னிஸ் பந்து ஆறு 360, விசில் 40, கோலமாவு 60, முதலுதவிப் பொருள் 180. ஒன்பது வீடுகள் தலா 200 தந்தன, மீதி 1,110 நான் போட்டேன். பிள்ளைகளிடம் மாதக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதில் நான் உறுதி. கட்டணம் வைத்தால் முதலில் நிற்பது யார் என்று எனக்குத் தெரியும்.

பந்து பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. காற்றடிக்கும் ஊசியை நனைக்காமல் குத்தாதீர்கள், வால்வு கிழிந்துவிடும். எங்கள் ரப்பர் பந்துகளில் ஒன்று அப்படித்தான் போனது. காற்று இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழ் வருகிற இடம் ஓட்டை. ரப்பர் பந்தில் சின்ன ஓட்டை என்றால் சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டுத் தருவார்கள். தோல் பந்தின் தையல் விட்டிருந்தால் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொடுங்கள். எங்களுடைய ஐந்தாம் எண் பந்தை அவர் 30 ரூபாயில் தைத்துக் கொடுத்தார், அண்ணன்கள் அதில்தான் இன்னும் ஆடுகிறார்கள்.

பாதுகாப்புக்கு நாங்கள் விட்டுக்கொடுக்காத சில உண்டு. எப்போதும் இரண்டு பெரியவர்கள், ஒருவர் மட்டும் என்றால் அன்று ஆட்டம் இல்லை. ஒரு நோட்டில் பிள்ளையின் பெயர், வீட்டு எண், பெற்றோர் போன், வீசிங் போல ஏதாவது உண்டா என்ற விவரம். பிள்ளைகளுக்கு 1098 என்ற உதவி எண்ணை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆட்டத்துக்கு முன் எல்லோரும் வரிசையாக நடந்து கண்ணாடித் துண்டு, ஆணி பொறுக்குவோம், பெரியவர்கள் எடுப்போம், பிள்ளைகள் காட்டுவார்கள். 12 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர், தாகம் எடுக்கிறதோ இல்லையோ. அக்னி நட்சத்திர நாட்களில் மாலை ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காலை 6 மணி முதல் 7.15 வரை ஆடினோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது திடலில் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்த பிறகும் சேறும் கண்ணாடியும் கழிவும். நான்கு வாரம் யாரையும் இறக்கவில்லை. பிள்ளைகள் தினமும் வந்து கேட்பார்கள், "ஆன்ட்டி, இன்னிக்கு?" இல்லை என்று சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. அந்த வாரங்களில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் கேரமும் பல்லாங்குழியும் வைத்துச் சமாளித்தோம். பொங்கலுக்கு முன் அண்ணன்கள் பத்துப் பேர் மண்வெட்டியோடு வந்து எங்கள் துண்டைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள்.

நவம்பர், டிசம்பரில் ஐந்தே முக்காலை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடுகிறது. அதனால் அந்த மாதங்களில் 4.15-க்கே தொடங்குகிறோம், என் தையல் வேலையை இரவுக்குத் தள்ளிக்கொள்கிறேன்.

இந்த வாரம் வடக்குக் கோலின் இடது மூலை வலை கிழிந்து பந்து வெளியே போகிறது. "கோல்தான்", "இல்லை" என்று வியாழக்கிழமை முழுவதும் சண்டை. அந்த 7 வயதுப் பையனுக்கு இப்போது 8, என்னோடு காசிமேட்டுக்கு வந்து வலை தானே பார்த்து எடுக்கிறேன் என்கிறான். ஞாயிறு காலை போகிறோம்.